நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

போன வருடம் கடைசியாக இடம் கிடைத்த குழந்தையின் வீடு
பள்ளி வாசலிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
அதற்கு முந்தைய வருடம் ஐந்நூறு.
அதற்கும் முன்னால் யாரும் அளக்கவில்லை,
கேட்டவர்களுக்கெல்லாம் இடம் இருந்ததாம்.

வட்டம் உள்வாங்கிக்கொண்டே வருகிறது,
மேசையில் காயும் டம்ளர்த் தடம் மாதிரி.

கிழக்கு லண்டனில் அக்டோபர் சனிக்கிழமை,
மழைக்கு நடுவே மூன்று வீடு பார்த்தோம்.
முதல் வீட்டில் வெளிச்சம் இருந்தது. எழுநூறு மீட்டர்.
இரண்டாவதில் உக்னே
தனக்கென்று ஓர் அறையைக் கண்டுபிடித்து
கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வர மறுத்தாள்.
ஐந்நூற்று அறுபது.
தூக்கித்தான் கொண்டுவந்தோம்.

மூன்றாவது, கோழி பொரிக்கும் கடைக்கு மேலே.
குளியலறை மூலையில் பூஞ்சை
புதிதாய் ஒரு நாட்டின் வரைபடம் போட்டிருந்தது.
ஏஜென்ட் கேலம் அதைப் பார்க்கவில்லை,
எங்கள் முகத்தைப் பார்த்தான்.
"முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு" என்றான்,
கறிக்கடைக்காரன் எடை சொல்வதுபோல.

மாதம் இருநூற்றைம்பது பவுண்டு கூடுதல்.
கெஸ்டூட்டிஸ் சாரம் கட்டுகிறவன்.
நீளத்தை நம்புவான்,
வேறெதையும் சுலபத்தில் நம்பமாட்டான்.
லேசர் அளவியை ஜன்னல் விளிம்பில் வைத்துப்
பள்ளிக் கூரையைக் குறிபார்த்தான்.
நடுவில் ஒரு ரயில் பாலம், ஒரு தேவாலயம்,
யாரோ மழை விட்ட நம்பிக்கையில் காயப்போட்ட போர்வை.
சிவப்புப் புள்ளி
போர்வையோடு நின்றுவிட்டது.

"பதினான்கு மீட்டர் மிச்சம் இருக்கிறது," என்றான்.
"வட்டம் சுருங்காவிட்டால்," என்றேன்.
கேலம் பேனாவை நீட்டினான்.

பள்ளிக்கு ஒருமுறை போயிருக்கிறேன், திறந்த நாளில்.
ஈரக் கோட்டுகளின் வாசனை.
வரிசையாய்ச் சின்னச் சின்னக் கொக்கிகள்,
ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர்.
மேலதிகாரிகள் நான்கு வருடத்துக்கு முன் வந்து
"மிகச் சிறப்பு" என்று எழுதிவிட்டுப் போனார்கள்.
அந்த இரண்டு சொல்லுக்குத்தான்
நாங்கள் வாடகை கொடுக்கிறோம்.

குடிவந்த வாரம் ஒரு கடிதம் வந்தது, அதே பள்ளியிலிருந்து.
ஆர்லோ என்கிற பையனின் பெற்றோருக்கு.
கீழே கோழிக்கடை ஃபர்ஹாத்தைக் கேட்டேன்.
"ஆறு மாதம் இருந்தார்கள்.
இடம் கிடைத்ததும் காலி செய்துவிட்டார்கள்," என்றான்.
"உங்களுக்கு முன்னால் அவர்கள்,
அவர்களுக்கு முன்னால் வேறு யாரோ."
சொல்லிவிட்டு எண்ணெயைப் பார்க்கத் திரும்பினான்.
கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்பினேன்.
முகவரிக் கட்டத்தில் எங்கள் கதவு எண்.

இதுவரை சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
நான் வேலை பார்ப்பதும் பள்ளியில்தான்,
பழைய வீட்டுக்குப் பின்புறத் தெருவில்,
எந்த வட்டமும் வேண்டாத பள்ளி.
மதியச் சமையலறை, தலையில் வலை, கையில் கரண்டி.
அதைப் பற்றி எழுதியவர்கள்
"முன்னேற்றம் தேவை" என்றார்கள். இருக்கலாம்.
மிஸ் ஒடுன்சி மண்டியிட்டுப் பதினேழு பேருக்கு
ஷூ நாடா கட்டுவதை அவர்கள் எழுதவில்லை.
அதற்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது.
முப்பது பேருக்கு ஒரே ஆசிரியை என்பதையும்
நான் யாரிடமும் சொல்வதில்லை,
இரண்டும் உண்மை.

இப்போது வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறேன்.

நேற்று வரிசையில் ஸுமையா நின்றாள்,
ஐந்து வயது, முன்பல் ஒன்று இல்லை.
"உங்க உக்னே அடுத்த வருஷம்
எங்க ஸ்கூலுக்குத்தானே வருவா?
என் பக்கத்துல இடம் பிடிச்சு வைக்கிறேன்."
தட்டை நீட்டியபடி காத்திருந்தாள்.

இரண்டு கரண்டி பட்டாணி வைத்தேன்.
அவளுக்குப் பட்டாணி பிடிக்காது.
எனக்குத் தெரியும்.